விடிய விடிய ஒரு ஆட்டம்!

குட்டீஸ், பேஸ்பாலில் ஒவ்வொரு அணிக்கும் 9 இன்னிங்ஸ். சமமாக இருந்தால், ஒருவர் ஜெயிக்கும்வரை ஆட வேண்டும்.

1981 ஏப்ரல் 18 இரவு, அமெரிக்காவின் பாடக்கெட் நகரில் உள்ளூர் அணியும் ரோசெஸ்டர் அணியும் மோதின. நள்ளிரவு தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தும் விதி, நடுவரிடம் இருந்த புத்தகத்தில் விடுபட்டிருந்தது! பரீட்சையில் ஒரு வரி விட்டால் மார்க் போகும். இங்கே எல்லாருக்கும் தூக்கம் போயிற்று.

கடுங்குளிர். வீரர்கள் உடைந்த மட்டைகளை எரித்துக் குளிர் காய்ந்தனர். 21வது இன்னிங்சில் ரோசெஸ்டர் ஒரு ரன் எடுத்தது. 'அப்பாடா, முடிந்தது' என்றால், பாடக்கெட்டும் ஒன்று எடுத்து விட்டது!

லீக் தலைவர் தொலைபேசியில் சொன்ன பிறகே, அதிகாலை 4:07க்கு நிறுத்தினர். 32 இன்னிங்ஸ் முடிந்தும் 2 - 2. அரங்கில் மிச்சமிருந்த ரசிகர்கள் 19 பேர்தான்! அவர்களுக்கு இலவச அனுமதிச் சீட்டு பரிசு.

மீதி ஆட்டம் ஜூன் 23ல் நடந்தது. பதினெட்டே நிமிடத்தில், 33வது இன்னிங்சில் பாடக்கெட் வென்றது!