பிறர் பாடிய இடத்தில் நின்று பாடியவர்: யோலண்ட் பாவனின் இசைவாழ்வு

நாட்டிசை, செந்நெறியிசை, மேனாட்டிசை என இசையை வகுத்துப் பேசுவது எமது வழக்கம். வகுப்பதிற் குற்றமில்லை. ஆயின், ஒருவகை இசையைக் கேளாமலே ஒதுக்குதற்கு அவ்வகுப்புச் சிலவேளை ஒரு சாட்டாக அமைந்துவிடுகின்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசை எம்மிடையே பெரும்பாலும் அவ்வாறு ஒதுக்கப்பட்டதொன்றாகும். களியாட்டக் கூடங்களின் ஆரவாரமே அது என எண்ணுவோர் பலர். அவ்விசையின் மிகக் கடினமான துறையொன்றில், 1962 ஆம் ஆண்டு முதல் 1964 ஆம் ஆண்டு வரை, பெரும்புகழ் வாய்ந்த குரற்குழுவொன்றிற் பாடியவர் இலங்கைப் பெண்ணொருவர் என்பதை எம்மிற் சிலரே அறிவர். கொழும்பிற் பிறந்த யோலண்ட் பாவன் என்பவரே அவர். அவர் பாடிய இசை யாது, அவர் ஏற்ற பணி எத்தகையது, அதனை எவ்வாறு மதிப்பிடுதல் தகும் என்னும் மூன்றினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேனாட்டு இசையின் ஒலி இந்நாட்டிற் பரவிய வரலாற்றிற் கண்டிக்கும் ஒரு தொடர்புண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1944 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவிற்கு மாற்றினார். அப்படைகளுக்கெனக் கொழும்பிலிருந்து இயங்கிய வானொலி நிலையத்தின் வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பிகள் போருக்குப் பின்னர் இலங்கைக்கு உரிமையாயின. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் தொடங்கியபோது, அயல்நாடுகளும் செவிசாய்க்கும் நிலையம் ஒன்று இச்சிறு தீவிற்கு வாய்த்தது. இந்தி, தமிழ்த் திரையிசையோடு மேனாட்டு இசையும் அதன் வழியே வீடுகளுட் புகுந்தது. அமெரிக்க ஜாஸ் மேதைகளும் இங்கு வரலாயினர். 1958 இல் டேவ் புரூபெக்கும் 1963 இல் டியூக் எலிங்டனும் இலங்கையில் இசைவழங்கினர். இத்தகைய சூழலிலேதான் யோலண்ட் பாவனின் இளமைக்காலம் கழிந்தது.

அவர் மிக இளம்வயதிலேயே மேடையேறினார். அவுஸ்திரேலிய ஜாஸ் கலைஞரான கிரஹாம் பெல் என்பாரின் குழுவோடு ஆசிய நாடுகளிலும் அவுஸ்திரேலியாவிலும் பாடிச் சென்றார். பின்னர் இலண்டன் சேர்ந்து நாடகத்துறையிலும் ஈடுபட்டார். பாரிசில், ஜாஸ் பாடகியருட் தலையாயவராகப் போற்றப்படும் பில்லி ஹாலிடேயின் நட்பும் அவருக்குக் கிட்டியது. எனினும், அவரது பெயரை இசைவரலாற்றிற் பொறித்த நிகழ்ச்சி 1962 இலேயே நேர்ந்தது. அதனை விளங்கிக்கொள்வதற்கு, அவர் சேர்ந்த குழுவின் கலை எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஜாஸ் இசையின் உயிர்நிலை மனோதர்மம் ஆகும். ஒரு மெட்டை அடிப்படையாகக் கொண்டு, சாக்சபோன், ட்ரம்பெட் முதலிய கருவிகளை இசைப்போர் அவ்வேளையிலே தோன்றும் கற்பனைகளை விரித்துச் செல்வர். குரலாற் பாடுவோரும் இவ்வாறு கற்பனை செய்வதுண்டு. பொருளற்ற அசைகளைக் கொண்டு கருவியைப்போலப் பாடும் அம்முறையை 'ஸ்கற்' என்பர். இது எமக்குப் புதுமையானதன்று. தில்லானாவிலே சொற்கட்டுகளைக் கேட்டு மகிழ்கின்றோம். கண்டிய நடனத்தின் பதினெட்டு வன்னங்களிலும் மெட்டினைப் பொருளற்ற அசைகளாற் பாடிக்காட்டும் பகுதியொன்றுண்டு. அதனைத் 'தானம' என வழங்குவர். இவ்வன்னங்கள் கண்டியை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் காலத்தில், அஃதாவது 1707 க்கும் 1739 க்கும் இடையில், உருப்பெற்றன என்பது மரபு. சொல் இன்றியும் குரல் பேசும் என்பதைக் கண்டியார்க்கு வேறொருவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

'வோக்கலீஸ்' எனப்படும் துறை ஸ்கற்றினும் வேறானது. ஒரு கருவியிசைஞர் மனோதர்மமாக வாசித்து, இசைத்தட்டிற் பதிவாகிவிட்ட கற்பனையை எடுத்து, அதன் ஒவ்வொரு சுரத்திற்கும் ஓர் அசையாகப் பொருளுள்ள சொற்களை அமைத்துப் பாடுவதே வோக்கலீஸ். சியாமா சாஸ்திரிகளின் சுரஜதிகளிலே முதலிற் சுரத்தையும் பின்னர் அதற்கிணைந்த சாகித்தியத்தையும் பாடுகின்றோம் அல்லவா? அதனை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். கதிர்காம முருகனையும் பாடிய அருணகிரிநாதரின் திருப்புகழ், 'தன தான' என்னும் சந்தக் குழிப்பை முன்வைத்து அதனுட் சொற்களைப் பெய்யும் கலைக்கு எம்மொழியிலுள்ள தலைசிறந்த சான்றாகும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை ஈண்டுக் கருதல் வேண்டும். சுரஜதியிற் சுரத்தை அமைப்பவரும் சொல்லை அமைப்பவரும் ஒருவரே. வோக்கலீசில் மெட்டு ஒருவருடையது; சொல் மற்றொருவருடையது. மேலும், அம்மெட்டு ஒருமுறை தோன்றி மறைந்திருக்க வேண்டிய கற்பனை. இசைத்தட்டு என்னும் பொறி இருந்தமையாலேயே அது நிலைபெற்றது. மனோதர்மமாய்ப் பிறந்தது கற்பிதமாய் மாறுகின்றது. எனவே, இதனைப் பாடுவோருக்கு இரட்டைச் சுமை ஏற்படுகின்றது. ஒரு சுரமும் பிசகாது பாடுதல் வேண்டும். அதேவேளை, இப்பொழுதுதான் உள்ளத்திற் பிறந்தது போல அதனைப் பாடுதலும் வேண்டும். சாக்சபோன் விரல்களின் விரைவை நாவும் மூச்சும் எட்டிப் பிடித்தல் எளிதன்று.

இத்துறையிற் பெரும்பெயர் பெற்றவர்களுள் ஒருவர் ஆனி ரொஸ். இங்கிலாந்தில் 1930 இல் பிறந்த இவர், வார்டெல் கிரே என்னும் சாக்சபோன் கலைஞர் 1949 இல் வாசித்த 'ட்விஸ்டெட்' என்னும் உருப்படிக்கு 1952 இல் சொற்களமைத்துப் பாடிப் புகழெய்தினார். பாடகியாகவும் பாட்டியற்றுபவராகவும் நடிகையாகவும் கபரே அரங்குகளின் கலைஞராகவும் விளங்கிய பன்முகத் திறனாளர் அவர். டேவ் லாம்பேர்ட், ஜோன் ஹென்ட்ரிக்ஸ் என்னும் இருவரும் 1957 இல் கவுண்ட் பேஸி வாத்தியக்குழுவின் இசையைக் குரல்களாற் பாடிப் பதிவுசெய்ய முயன்றபோது, பாடகர் கூட்டமொன்றுக்கு அவ்விசையின் நடையைக் கற்பிப்பதற்காகவே ரொஸ் அழைக்கப்பட்டார். அக்கூட்டத்தாருக்கு அந்நடை கைவரவில்லை. ஈற்றில் மூவருமே பாடி, தம் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிவுசெய்து, ஒரு முழு வாத்தியக்குழுவின் ஒலியை உண்டாக்கினர். 'சிங் எ சோங் ஒப் பேஸி' என வெளிவந்த அவ்விசைத்தட்டோடு 'லாம்பேர்ட், ஹென்ட்ரிக்ஸ், ரொஸ்' என்னும் குழு பிறந்தது. ட்ரம்பெட்டின் உச்சநிலைச் சுரங்கள் ரொஸின் குரலுக்குரியனவாயின.

இக்குழு 1962 இல் அமெரிக்காவின் கிராமி விருதைப் பெற்றது. அதே ஆண்டில், உடல்நலங் குன்றிய நிலையில், ரொஸ் குழுவை விட்டு நீங்கினார். அவரது இடத்தை நிரப்புதற்கு அழைக்கப்பட்டவரே யோலண்ட் பாவன். குழுவின் பெயரும் 'லாம்பேர்ட், ஹென்ட்ரிக்ஸ், பாவன்' என மாறியது. மூன்று பெயர்களைக் கொண்டே அறியப்பட்ட ஒரு குழுவில், மூன்றாம் பெயரை அழித்து அவ்விடத்திற் புதுப்பெயர் எழுதப்படும்போது, அதற்குரியவர் எத்தகைய ஒப்பீட்டிற்கு ஆளாவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பாடவேண்டியிருந்த பகுதிகள் மற்றொருவரின் குரலளவிற்கு வெட்டித் தைக்கப்பட்டவை. வாசித்தவர் ஒருவர், சொல்லமைத்தவர் ஒருவர், முதலிற் பாடி நிலைநாட்டியவர் ஒருவர். இவர்கள் அனைவருக்கும் பின்னால் நின்றே பாவன் தமது குரலை எழுப்பவேண்டியிருந்தது.

அவர் சேலையணிந்து மேடையேறினார். நியூயோர்க் நகரின் இசையரங்குகளில் அக்காலத்தில் அது கண்ணைக் கவர்ந்த காட்சியாயிற்று. கீழைநாட்டு விந்தை என்ற அளவிலேயே அவரைக் கண்டவர்களும் இருந்திருத்தல் கூடும். ஆனால் இசைத்தட்டிற் சேலை தெரிவதில்லை. குரல் மாத்திரமே கேட்கும். ஆதலால் அவரது திறனை அறிய விழைவோர் அவ்விசைத்தட்டுகளையே சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

இக்குழு பாவனோடு சேர்ந்து ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்திற்காக மூன்று இசைத்தட்டுகளைப் பதிவுசெய்தது. நியூயோர்க்கின் பேசின் ஸ்ட்ரீட் ஈஸ்ட் அரங்கில் ஒன்று. 1963 ஆம் ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழாவில் ஒன்று. வில்லேஜ் கேட் அரங்கில் ஒன்று. இம்மூன்றும் அவையோர் முன்னிலையிற் பதிவானவை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ரொஸ் பாடிய முதல் இசைத்தட்டுக் கலையகத்தில் அடுக்கடுக்காகப் பதிவானது. பிழைபட்டதைத் திருத்துதற்கு அங்கு வாய்ப்பிருந்தது. பாவனின் இசைத்தட்டுகளுக்கு அத்தகைய பாதுகாப்பில்லை. மூன்று குரல்களும் ஒரேவேளையில், ஒரே மூச்சில், அவையோரின் ஆரவாரத்தினிடையே பாடியவை அவை. நியூபோர்ட் விழாவிற் கோல்மன் ஹோக்கின்ஸ், கிளார்க் டெரி ஆகிய பெருங்கலைஞர்களும் உடன்வாசித்தனர். அவ்விழாவிற் பாடப்பெற்ற 'யே யே' என்னும் பாடலுக்குச் சொல்லமைத்தவர் ஹென்ட்ரிக்ஸ். அதே பாடலைப் பின்னர் ஜோர்ஜி பேம் என்பார் பாடியபோது, 1965 சனவரியில் அது இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இப்பாடல்களிற் பாவனின் பங்கு பழைய பகுதிகளைக் காத்தல் மாத்திரமன்று. ரொஸ் நீங்கியபின் குழுவிற்குக் கிடைத்த புதிய உருப்படிகளிலும் அவர் குரல் முதன்முதலாகப் பதிந்துள்ளது.

குழு 1964 இல் கலைந்தது. டேவ் லாம்பேர்ட் 1966 இல் நெடுஞ்சாலை விபத்தொன்றில் உயிர்நீத்தார். பாவன் நாடக மேடைக்குத் திரும்பினார். 'ஹவுஸ் ஒப் பிளவர்ஸ்' என்னும் இசைநாடகம் 1968 இல் நியூயோர்க்கில் மீண்டும் மேடையேறியபோது, 1954 இல் டயான் கரோல் நடித்த இளம்பெண் பாத்திரத்தை அவர் ஏற்றார். அங்கும் பிறர் நின்ற இடமே அவருக்கு வாய்த்தது என்பது நோக்கற்பாலது. அடுத்த ஆண்டில் 'சால்வேஷன்' என்னும் இசைநாடகத்திலும், பீட்டர் ஐவர்ஸ் குழுவின் இசைத்தட்டிலும் பங்குகொண்டார். 'வெதர் ரிப்போர்ட்' என்னும் புதுப்போக்கு ஜாஸ் குழுவின் 1972 ஆம் ஆண்டு இசைத்தட்டில், 'பெயரறியாப் போர்வீரன்' எனப் பொருள்படும் உருப்படியில் ஒலிக்கும் சொல்லற்ற குரல்களுள் அவருடையதும் ஒன்றாகும். 1986 இல் வெளிவந்த 'பார்ட்டிங் கிளான்சஸ்' என்னும் திரைப்படத்திலும் நடித்தார்.

ஆனி ரொஸ் 1964 இல் இலண்டனிற் சொந்தமாக ஓர் இசைவிடுதி நடத்தியும், 1993 இல் ரொபர்ட் ஓல்ட்மனின் திரைப்படமொன்றிற் பாடகியாகவே நடித்தும், முதுமையில் நியூயோர்க்கின் கபரே அரங்கிலே தொடர்ந்து பாடியும் 2020 வரை வாழ்ந்தார். அவரது சிறப்பை எவரும் குறைத்துரைத்தல் இயலாது. பாவன் அவரைப்போலப் பாட்டியற்றிப் பெயர்பெற்றவரல்லர் என்பதும் உண்மையே. எனவே, ஒருவர் படைத்தவர், மற்றவர் அவரிடத்தை நிரப்பியவர் என்று இசைவரலாறு எழுதுவோர் ஒருவரியிற் கூறி அப்பாற் செல்கின்றனர். இத்தீர்ப்பு நீதியானதா என்பதே வினா.

எமது இசைமரபு இவ்வினாவிற்கு வேறொரு விடையைத் தருகின்றது. சியாமா சாஸ்திரிகளின் உருப்படியைப் பாடுபவரை நாம் 'இடம்நிரப்பியவர்' என்று சொல்வதில்லை. கண்டியின் வன்னத்தை இன்று ஆடுபவரை முதலில் ஆடியவரின் நிழலென்று எவரும் இகழ்வதில்லை. மலையகத் தோட்டங்களிற் காமன் கூத்து ஆடப்படுகையில், ரதி, மதன் வேடங்களைத் தலைமுறை தலைமுறையாக வெவ்வேறு இளைஞர் ஏற்கின்றனர். வேடம் பழையது, அதற்கு உயிரளிக்கும் மூச்சோ ஒவ்வொரு முறையும் புதியது. பிறர் செய்ததைப் பிழையின்றிப் பெற்று, தன்னதாக்கி, அவைமுன் மீண்டும் பிறப்பித்தலும் ஒரு படைப்பே. இந்த அளவுகோலால் அளந்தால் யோலண்ட் பாவன் எவர்க்கும் இளைத்தவரல்லர்.

மேலும் ஒன்று கூறல் வேண்டும். பாவன் நியூபோர்ட்டிற் பாடிய அதே 1963 ஆம் ஆண்டில் டியூக் எலிங்டன் இலங்கைக்கு வந்தார். அமெரிக்கா தன் இசையின் பெருமகனை எம்மிடம் அனுப்பிய காலத்தில், அவ்விசையின் நுட்பம் வாய்ந்த துறையொன்றில் எம்நாட்டுப் பெண்ணொருவர் அமெரிக்க அவைகளின் முன் நின்று பாடிக்கொண்டிருந்தார். வந்தவரை வரவேற்றல் பண்பு. சென்றவரை அறிந்திருத்தல் கடமை. மாணவர்கள் அவ்விசைத்தட்டுகளைத் தேடிக் கேட்பாராக. முதன்முறை கேட்கையிற் சொற்களின் விரைவு திகைப்பூட்டலாம். பொறுமையோடு இரண்டாம் முறையும் கேட்பின், எமக்கு நன்கு அறிமுகமான சுரமும் சந்தமும் சொற்கட்டும் அங்கு வேறு மொழியில் உலவுவதை எம் செவியே கண்டுகொள்ளும்.