அடித்தார்களா என்று எப்படிக் கேட்பது?

நம் நாட்டுக் குழந்தைகள் வீட்டிலும் பள்ளியிலும் வேலையிடத்திலும் எவ்வளவு துன்புறுத்தப்படுகிறார்கள்? மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பேர் அடி வாங்கியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். ஆய்வு நடந்தது 13 மாநிலங்களில். அதில் தமிழ்நாடு இல்லை, அந்தமான் நிக்கோபார் தீவுகளும் இல்லை.

இப்படி விடுபட்ட இடங்களில்தான் மருத்துவ உளவியல் மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு வேலை இருக்கிறது. ஆனால், அந்தமான் தீவில் ஒரு மாணவி இந்தத் தலைப்பை எடுத்தால் அவர் எதிர்கொள்வது வேறெந்தத் தலைப்பிலும் இல்லாத சிக்கல்.

முதலில், செய்ய முடியும் என்பதற்கு அருகிலேயே ஒரு சான்று. உளவியலாளர் கிளாடியா கட்டானியும் அவரது குழுவினரும் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்து 2008-இல் வெளியிட்டார்கள். நேர்காணல் எடுத்தவர்கள் உள்ளூரிலேயே முதுநிலைப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். போரைப் பற்றியும் சுனாமியைப் பற்றியும் கேட்டதோடு நிற்காமல், வீட்டில் என்ன நடக்கிறது என்றும் கேட்டார்கள். போர் தொடர்பான நிகழ்வு ஒன்றையாவது அனுபவித்தவர்கள் 82.4 விழுக்காடு. வீட்டு வன்முறை ஒன்றையாவது அனுபவித்தவர்கள் 95.6 விழுக்காடு! குண்டு விழுந்த ஊரிலும் வீட்டு அடிதான் முந்தியது. அப்பாவின் குடியும், முன்பு போரில் பட்டதும் வதையின் அளவோடு சேர்ந்தே ஏறின.

அந்தமானுக்கு இது அந்நியக் கதையல்ல. நிக்கோபார் தீவுக் கூட்டத்தின் கட்சாலில், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். 2004 சுனாமி அந்தத் தீவையும் சூறையாடியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் அப்போது அந்தமானுக்கு வந்து, முகாம்களில் பேரிடரால் வந்த மனநலப் பாதிப்புகளுக்குச் சிகிச்சையும் தந்தார்கள், பதிவும் செய்தார்கள். கடல் செய்ததைக் கேட்பது எளிது. வீடு செய்ததைக் கேட்பதுதான் கடினம்.

ஏனென்றால் “உன்னைக் கொடுமைப்படுத்தினார்களா?” என்று கேட்டால் நம் பிள்ளைகள் இல்லை என்றுதான் சொல்வார்கள். ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்தவனுக்கு பெல்ட் அடி கொடுமையாகவே தெரியாது. அதனால் நல்ல கேள்வித்தாள் ‘கொடுமை’ என்ற சொல்லையே தொடாது. கையால் அடித்தார்களா, கம்பாலா, தழும்பு விழுந்ததா, சாப்பாடு தராமல் வைத்தார்களா, “நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்” என்றார்களா என்று செயலைச் செயலாகக் கேட்கும். உலகெங்கும் பயன்படும் 28 வரிக் கேள்வித்தாள் ஒன்று, உடல் வதை, பாலியல் வதை, மன வதை ஆகியவற்றோடு உடல் தேவைகளைப் புறக்கணிப்பதையும் அன்பைத் தராமல் விடுவதையும் தனித்தனியாக அளக்கிறது. இதைத் தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும் வைத்திருந்தால்தான் போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், ஒரு வகுப்பறைக்குள்ளாவது நுழைய முடியும்.

அடுத்தது அனுமதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள்படி பெற்றோர் சம்மதம் வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவும் வேண்டும். அடிக்கிற அப்பாவிடமே போய், “உங்கள் பிள்ளையிடம் நீங்கள் அடிப்பீர்களா என்று கேட்கலாமா?” எனக் கையெழுத்து வாங்க வேண்டிய நிலை. மறுக்கிற வீடுகள் எவை என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. வருகிற எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாக இருக்க இதுவே போதும்.

இதைவிடப் பெரிய முடிச்சு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம். 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. ஆகவே “நீ சொல்வது என்னோடு இருக்கும்” என்று மாணவி வாக்குக் கொடுக்கவே கூடாது. எதை ரகசியமாக வைப்பேன், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை முதல் கேள்விக்கு முன்பே பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும் சில பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். மூடட்டும். ஏமாற்றி வாங்கிய பதிலைவிட அது மேல்.

இந்தச் சிக்கலிலிருந்து தப்ப, பதினெட்டு தாண்டியவர்களிடம் பால்ய நினைவுகளைக் கேட்கும் ஆய்வுகள் பல. அதிலும் ஓட்டை உண்டு. சிறு வயதிலேயே வதை பதிவானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெரியவர்களானதும் அதைச் சொல்வதில்லை என்று 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

தீவுக்கே உரிய சங்கடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரின் மொத்த மக்கள்தொகையே நான்கு லட்சத்துக்குள். அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காடு. ‘லிட்டில் அந்தமான், எட்டாம் வகுப்பு, தமிழ்ப் பெண்’ என்று ஆய்வேட்டில் எழுதினால் பெயரே எழுத வேண்டாம்; அந்தத் தீவின் ஹட் பே கடைத்தெருவில் ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள். மாநகர ஆய்வில் சாதாரணமான வயதும் வகுப்பும் இங்கே அடையாள அட்டை ஆகிவிடுகின்றன. தீவின் பெயரை மறைத்து, வயதுகளைத் தொகுத்து எழுதுவதுதான் வழி. பழங்குடிப் பகுதிகளுக்கோ 1956 பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி தனி அனுமதிச் சீட்டு வேண்டும். ஓர் ஆய்வேட்டுக்காக அங்கே அவசரப்பட்டு நுழையாமலிருப்பதே மரியாதை.

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு இப்படியொரு கேள்வித்தாள் வந்தால் உடனே மறுத்துவிடாதீர்கள். ஆனால் ஆய்வு செய்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? பிள்ளை ஏதாவது சொன்னால் அன்றே என்ன செய்வீர்கள்? நீங்கள் சென்னைக்குக் கப்பலேறிய பிறகு இங்கே அதைப் பார்த்துக்கொள்ளும் ஆலோசகர் யார்? மூன்றாவதற்கு ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆய்வுக்குக் காத்திராமல் இன்றே உதவி வேண்டுவோருக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416.