ஜெயித்தால்தான் இந்தியரா?

'தேசிய விளையாட்டு எது?' என்றால் ஹாக்கி என்று பட்டென்று சொல்லிவிடுகிறோம். அப்படி எந்த விளையாட்டையும் அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகமே 2012இல் பதில் தந்தது. அரசாணை இல்லாத இந்தத் 'தேசிய'த்தைக் கட்டமைப்பதில் சினிமாவுக்கும் டிவிக்கும் பங்குண்டு.

'சக் தே இந்தியா' (2007) என்ற பிரதியை எடுத்துக்கொள்வோம். பயிற்சி முகாமில் ஒவ்வொரு பெண்ணும் தன் மாநிலத்தைச் சொல்கிறாள். 'இந்தியா' என்பவளே தேறுகிறாள். பயிற்சியாளர் கபீர் கான் முஸ்லிம். பாகிஸ்தானிடம் தோற்றதால் துரோகியாக்கப்பட்டவர். முஸ்லிமின் தோல்வி மட்டும் ஏன் துரோகமாக வாசிக்கப்படுகிறது? படம் துணிந்து கேட்கிறது, சரிதான். ஆனால் அது தரும் விடை என்ன? உலகக் கோப்பை. சுவரில் 'துரோகி' என்று எழுதிய தெரு, கோப்பைக்குப் பிறகுதான் அவரை வரவேற்கிறது. கோப்பை கிடைக்காமல் போயிருந்தால்? கதையாடல் அங்கே வாயை மூடிக்கொள்கிறது.

அந்த மௌனத்தை 2021 உடைத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார் வந்தனா கட்டாரியா. நாடே கொண்டாடியது. சில நாளில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 1-2 என்று அணி தோற்றது. ஹரித்வார் பக்கம் அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்து ஆடி, 'அணியில் தலித்துகள் அதிகம்' என்று சாதி சொல்லித் திட்டியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். சிலர் கைதானார்கள்.

மாநிலத்தை மறக்கச் சொன்ன முகாமில் சாதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஜெயிக்கிறவரைக்கும் 'இந்தியாவின் மகள்', தோற்றால் சேரிக்காரி. வெற்றியை நிபந்தனையாக வைக்கிற குடியுரிமை வெறும் சலுகைதான். தோற்றுப்போகவும் உரிமை வேணும். அதை எந்தப் படம் கேட்கப்போகிறது?