சிறு வணிகமும் அச்செழுத்தும்

விழா மலர் ஒன்று கையிற் கிடைத்ததும் அதன் பின்பக்கங்களிலுள்ள விளம்பரங்களை முதலிற் புரட்டிப் பார்ப்பது எமது வழக்கம். கட்டுரைகளை விடுத்து விளம்பரம் பார்க்கும் தமிழாசிரியரைக் கண்டு நண்பர்கள் நகைப்பதுண்டு. ஆயினும், எம் கல்லூரியிற் பயின்று வெளியேறிய பிள்ளைகள் இன்று என்ன தொழில் செய்து வாழ்கின்றனர் என்பதை அப்பக்கங்களே எமக்கு அறிவிக்கின்றன. ஒருவர் புடைவைக் கடை வைத்திருக்கின்றார். ஒருவர் தையலகம் நடத்துகின்றார். மற்றொருவர் துவிச்சக்கரவண்டி திருத்துகின்றார். இவற்றைக் கண்டு மகிழும் அதேவேளை ஒரு குறையும் எமக்குத் தோன்றும். கடையின் பெயர் பெரிதாக இருக்கும். அங்கே என்ன கிடைக்கும் என்பது இராது. உரிமையாளரின் பெயர் இருக்கும். கடை எந்த வீதியில் உள்ளது என்பது இராது. பணம் கொடுத்து வாங்கிய இடம் பயனின்றிக் கிடக்கும்.

அச்சுக்கலை யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1841ஆம் ஆண்டிலே உதயதாரகைப் பத்திரிகை இங்கே வெளிவரத் தொடங்கியது. 1849ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் அவர்கள் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவினார்கள். நாவலர் பதிப்பு என்றாற் பிழையற்ற பதிப்பு என்பது தமிழுலகம் அறிந்த உண்மை. இத்தகைய மரபிலே வந்த நாம், ஒரு துண்டுப் பிரசுரத்தைத்தானும் பிழையின்றி அச்சிட அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? இதனை யாம் பிறருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. எம் பிழையினால் ஒருவர் நட்டமடைந்த பின்னரே இவ்விடயத்தை யாம் கற்கத் தொடங்கினோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் தாம் சேமித்த பணத்துடன் கடனும் பெற்று, அரிசி, மிளகாய், மல்லி முதலியன அரைக்கும் ஆலையொன்றைத் தொடங்கினார். தைப்பொங்கலுக்கு முன்னர் ஊரெங்கும் வழங்குவதற்காக 2000 துண்டுப் பிரசுரங்கள் அச்சிட விரும்பி, அச்சுப்படியை எம்மிடம் கொணர்ந்தார். யாமும் சிவப்பு மைப் பேனையை எடுத்து, ‘மிளகாய் தூள்’ என்றிருந்ததை ‘மிளகாய்த்தூள்’ எனத் திருத்தினோம். ‘அரைத்து தரப்படும்’ என்றிருந்த இடத்தில் விடுபட்ட ஒற்றை இட்டோம். மிக்க மனநிறைவுடன் அவரை அனுப்பிவைத்தோம். ஆனால், தொலைபேசி இலக்கத்தில் இரண்டு எண்கள் இடம்மாறி நின்றதை யாம் பார்க்கவில்லை. 2000 தாள்களும் அவ்வாறே அச்சாகி வீடுவீடாகச் சென்றன. ஆலையை நாடி வந்த அழைப்புகள் யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தன. பொங்கல் கழிந்தபின் அவ்விளைஞர் எம்மிடம் வந்தார். “சேர், ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை, இலக்கந்தான் பிழைத்துவிட்டது” என்று மெல்லக் கூறினார். அவர் கோபித்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் அச்சுத் தொழிலறிந்தோர் பலரிடம் வினாவியும், யாமே முயன்றும் அறிந்தவற்றை, சிறு வணிகம் செய்யும் எம் பழைய மாணவர்களுக்குப் பயன்படுமென்று கருதி ஈண்டுத் தருகின்றோம்.

முதலில், பிரசுரத்தை யார் வாசிக்கப் போகின்றார் என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். அவர் சந்தையால் வீடு திரும்புபவராகவோ, பேருந்துக்குக் காத்து நிற்பவராகவோ இருக்கலாம். சில கணங்களே அவர் அத்தாளைப் பார்ப்பார். அதற்குள் ஐந்து வினாக்களுக்கு விடை கிடைத்தல் வேண்டும்: என்ன கிடைக்கும்? எனக்கு அதனால் என்ன நன்மை? எங்கே? எந்நேரம்? யாரை அழைப்பது? இவற்றுக்கு அப்பாற்பட்டவை யாவும் இடமிருந்தாற் சேர்க்கத்தக்கவை. ‘தரமானது, மலிவானது, நம்பிக்கையானது’ என்னும் சொற்களை எல்லாக் கடைக்காரரும் எழுதுகின்றனர். ஆதலின் அவை ஒருவரையும் அசைப்பதில்லை. ‘காலையிற் கொடுத்தால் மாலையில் அரைத்துத் தருவோம்’ என்னும் ஒரு வாக்கியம் அம்மூன்று சொற்களினும் வலிமையுடையது. ஆனால், செய்ய இயலாததை எழுதுதல் ஆகாது. அச்சிட்டது வாக்குறுதியாகும்.

அடுத்தது மொழி. வாடிக்கையாளர் வழங்கும் சொல்லையே வழங்குக. தமிழாசிரியராகிய யாம் இதனைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பிழையற எழுதுதல் வேறு. அருஞ்சொல் தேடி எழுதுதல் வேறு. ‘துவிச்சக்கரவண்டி’ என்பதனோடு ‘சைக்கிள்’ என்று போட்டாற் குற்றமில்லை. சிங்கள மொழி பேசுவோரும் வந்துபோகும் பட்டினமாயின் அம்மொழியிலும் அச்சிடுதல் நன்று. அதனை அம்மொழியை நன்கறிந்த ஒருவர் வாசித்துப் பார்த்தல் வேண்டும். கணனி தரும் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி அச்சிடுதல் ஆபத்தாகும்.

இனி எழுத்தின் அமைப்பு. தமிழெழுத்துக்கள் சுழிகளும் வளைவுகளும் உடையன. சிறிதாக்கினாற் சுழிகள் மையால் அடைபட்டுவிடும். ஆகவே வாசகத்தின் எழுத்து 10 புள்ளி அளவுக்குக் குறையாதிருத்தல் நன்று. ஒரு புள்ளியென்பது ஓரங்குலத்தின் 72இல் ஒரு பங்கு. கொம்பும் விசிறியும் மேலுங் கீழும் நீளுமாதலால், 10 புள்ளி எழுத்துக்கு வரிகளுக்கிடையிலான அளவு 13 அல்லது 14 புள்ளியாக இருந்தால் வாசிப்பதற்கு இலகுவாகும். ஒரே தாளில் இரண்டு வகை எழுத்துருக்களுக்கு மேல் வேண்டா. மஞ்சளிற் கறுப்பு எழுத்துத் தெளிவாகத் தெரியும்; மஞ்சளில் வெள்ளை எழுத்துத் தெரியாது. கடையின் பெயர்ப்பலகைக்கு ஒரு கணக்கு உண்டு: 10 அடித் தூரத்துக்கு ஓரங்குல உயரம். 100 அடிக்கு அப்பால் வருபவர் நன்கு வாசிக்க வேண்டுமாயின் எழுத்து 10 அங்குலம் உயர்ந்திருத்தல் வேண்டும். தாளிற் சிறிது வெற்றிடம் விடுவதற்கும் அஞ்சவேண்டியதில்லை. வெற்றிடமே முக்கியமான சொல்லின்பாற் கண்ணைச் செலுத்துகின்றது.

தாளின் அளவை அறிந்துகொண்டால் செலவு குறையும். ஏ-4 தாள் 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அதனை இரண்டாக மடித்தால் ஏ-5. நான்காக மடித்தால் 105க்கு 148 மில்லிமீற்றர் கொண்ட ஏ-6. சிறு கடையின் செய்திக்கு ஏ-6 போதும். ஒரு தாளில் நான்கு பிரசுரம் கிடைக்கும். துண்டுப் பிரசுரத்துக்குச் சதுரமீற்றருக்கு 70 அல்லது 80 கிராம் தாளும், பெயர் அட்டைக்கு 250 முதல் 300 கிராம் வரையுள்ள அட்டையும் ஏற்றவை. நிறம் விளிம்புவரை வரவேண்டுமாயின் வெட்டுகோட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் வரை அதனை நீட்டி வைத்தல் வேண்டும். இல்லையேல் வெட்டும்போது வெள்ளைக் கீற்றுத் தெரியும். எழுத்துக்களையோ வெட்டுகோட்டிலிருந்து 5 மில்லிமீற்றர் உள்ளே வைத்தல் நன்று.

படங்களைப் பொறுத்தவரையில், அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஏ-6 அளவை முழுதும் நிரப்பும் படத்துக்கு அகலத்தில் ஏறக்குறைய 1240, நீளத்தில் 1750 புள்ளிகள் தேவை. வட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தெளிவு குன்றும். கோப்பாக அனுப்புதல் வேண்டும். கணனித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிகளால் நிறங்காட்டுவது. அச்சோ நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் மைகளால் ஆவது. ஆதலின் திரையிற் பளிச்சிட்ட நிறம் தாளிற் சற்று மங்குவது அச்சகத்தாரின் குற்றமன்று. எழுத்துருவிலும் கவனம் தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதியது, அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத் தோன்றும். எழுத்துருவை உள்ளடக்கிய பீ.டீ.எவ். கோப்பாகக் கொடுத்தால் இத்தொல்லை நேராது.

எத்தனை அச்சிடுவது என்பது அடுத்த வினா. ஓப்செற் முறையில் ஒவ்வொரு மைக்கும் ஒரு தகடு செய்தல் வேண்டும். அதனாற் தொடக்கச் செலவு மிகுதி. பின்னர் ஒவ்வொரு தாளுக்கும் ஆகும் செலவு குறைவு. டிஜிற்றல் முறையிலே தகடு இல்லை; ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் செலவு கூட. ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஓப்செற்றின் தொடக்கச் செலவு 6000 ரூபாவும் பிரதியொன்றுக்கு 2 ரூபாவும், டிஜிற்றலிற் பிரதியொன்றுக்கு 10 ரூபாவும் என வைத்துக்கொள்வோம். 750 பிரதியில் இரண்டும் சமமாகும். அதற்குக் குறைந்தால் டிஜிற்றலும், கூடினால் ஓப்செற்றும் இலாபமாகும். அச்சகத்தார் கூறும் விலையை இவ்வாறு கணக்கிட்டுப் பார்ப்பது வணிகருக்கு அழகு.

அச்சிட்டபின் வழங்கும் முறையும் சிந்திக்கத்தக்கது. திருவிழாக் கூட்டத்திற் கண்டவர் கையிலெல்லாம் திணித்தால் வீதிதான் குப்பையாகும். கடையைச் சூழ்ந்த ஒழுங்கைகளில் உள்ள வீடுகளுக்குக் கொடுத்தல் மேல். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் ‘எவ்வாறு அறிந்து வந்தீர்கள்?’ என்று வினாவி, விடையைக் கொப்பியொன்றிற் குறித்து வருக. ஒரு திங்களின் பின் எந்தச் செலவு பயன் தந்தது என்பதை அக்கொப்பியே சொல்லும். பெயர்ப்பலகை, பற்றுச்சீட்டு, பை, பிரசுரம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே நிறமும் ஒரே எழுத்தும் இருப்பின், கடையின் முகம் வாடிக்கையாளர் மனத்திற் பதியும்.

இறுதியாகக் கூறினாலும் முதன்மையானது அச்சுப்படியைப் பார்வையிடுதலாகும். எழுதியவர் தாம் எழுத நினைத்ததையே காண்பார். ஆகவே எழுதாத ஒருவர் வாசித்தல் வேண்டும். தொலைபேசி இலக்கத்தைக் கண்ணாற் பார்த்தால் மட்டும் போதாது. அச்சுப்படியிலுள்ளவாறே அழுத்தி அழைத்துப் பார்த்தல் வேண்டும். கியூ.ஆர். குறி இருப்பின் அதனைக் கைத்தொலைபேசியாற் படித்துப் பார்த்தல் வேண்டும். திகதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியோடு ஒப்பிடல் வேண்டும். இவற்றுக்குக் கால்மணி நேரம் செல்லாது.

அவ்விளைஞர் மறுமுறை 200 பிரதிகளே அச்சிட்டார். அச்சுக்கூலியை யாம் கொடுக்க முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டு, அச்சுப்படியை மட்டும் மீண்டும் எம்மிடமே கொணர்ந்தார். அவர் முன்னிலையிலேயே அவ்விலக்கத்தை அழைத்தோம். அவர் சட்டைப்பையில் மணி ஒலித்தது. அதன் பின்னரே சிவப்பு மைப் பேனையைக் கையிலெடுத்தோம்.

எம் கல்லூரியின் மைந்தர் எவரேனும் அச்சுப்படியொன்றுடன் எம்மிடம் வரின், இன்றும் அவ்வாறே செய்து கொடுக்க ஆயத்தமாக உள்ளோம். அவர்தம் முயற்சிகள் யாவும் ஓங்குக. எம் கல்லூரி நீடு வாழ்க.