மண்ணுக்குச் செல்லும் கம்பி யாருடைய பொறுப்பு?

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில் நீர்மின் உற்பத்தியின் சாத்தியங்களை எடுத்துரைத்து, 1950இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கி, 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் திறனுள்ள மேல் கொத்மலைத் திட்டமும் நிறைவேறிய பின், திம்புள்ளப் பிரதேசத்தின் மலைகளுக்கும் இலங்கையின் மின்சாரத்துக்கும் உள்ள பந்தம் யாவரும் அறிந்த சரித்திரமாயிற்று. ஆயினும் அதே மலைகளின் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் லயத்து வீடுகளிலும், வழிதவறிய மின்சாரம் பத்திரமாக மண்ணை அடைவதற்கு ஒரு பாதை இருக்கிறதா, அதை அமைத்துப் பராமரிக்கும் கடமை யாருக்கு உரியது என்ற வினாக்களை, ஒரு விபத்து நேர்ந்த பின்னரே நாம் எழுப்புகிறோம்.

இயந்திரத்தின் உள்ளே காப்புறை தேய்ந்து, உயிர்க்கம்பி அதன் இரும்பு உடலைத் தொட்டுவிட்டால், அந்த உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். இயந்திரமோ வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தொடும் மனிதனின் தேகத்தில் 30 மில்லி அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் சற்று நேரம் பாய்ந்தாலே இருதயத்தின் துடிப்பு நிலைகுலையும் அபாயம் உண்டு. 15 அம்பியர் பியூஸ் எரிவதற்கு இதைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் அதிகமான மின்னோட்டம் வேண்டும். ஆகவே, பியூஸ் இருக்கிறதே என்று நிம்மதி கொள்வது பெரும் பிழை. அது கம்பியைக் காக்கும் சாதனமேயன்றி மனிதனைக் காப்பதன்று.

தொழிற்சாலையில்

கொழுந்து வாட்டும் தொட்டிகளின் விசிறி மோட்டார்கள் ஈரக்காற்றின் நடுவே இரவு முழுவதும் சுழல்கின்றன. உருட்டும் அறையின் தரை நீர்விட்டுக் கழுவப்படுகிறது. தேயிலைத் தூசி மோட்டாருக்குள் படிந்து அதன் வெப்பத்தைப் பெருக்குகிறது. ஈரத்தரையில் நிற்பவரின் தேகம் மின்சாரத்துக்குக் காட்டும் தடையும் குறைவு.

சொந்த நிலைமாற்றி உள்ள தொழிற்சாலையில் இதற்குரிய பரிகாரம், ஒவ்வொரு மோட்டாரின் உடலையும், சுவிட்ச் பலகையையும், இரும்புத் தூணையும் தகுந்த பருமனுள்ள செப்புக் கம்பியாலோ பட்டையாலோ ஒன்றிணைத்து, நிலைமாற்றியின் நொதுமல் முனைக்கும் புவிக்கும் தொடர்புபடுத்துவதாகும். அந்தச் சுற்றின் மொத்தத் தடை அரை ஓமாக இருந்தால், பழுது நேர்ந்த மாத்திரத்தில் 460 அம்பியர் பாய்ந்து 32 அம்பியர் பியூஸை ஒரு கணத்தில் எரித்துவிடும். எங்கேனும் ஓர் ஆணி தளர்ந்தோ துருவேறியோ அந்தத் தடை 10 ஓமாக உயர்ந்துவிட்டால் 23 அம்பியரே பாயும். பியூஸ் எரியாது, இரும்பின் மேல் மின்சாரம் நிலைத்து நிற்கும். மின்தடையின்போது இயங்கும் ஜெனரேட்டரின் நொதுமல் முனையும் புவியுடன் இணைந்திருக்க வேண்டும். இல்லையேல், பொது மின்வழங்கலில் செம்மையாக இயங்கிய பாதுகாப்பு, ஜெனரேட்டரில் பயனற்றதாகிவிடும்.

லயத்து வீட்டில்

இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் சாதாரண இணைப்பில் உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் மட்டுமே வருகின்றன. புவித்தொடுப்பை மீட்டருக்கு அப்பால் வீட்டிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துக்கு வெளியே வீட்டின் சொந்தக்காரர் அதைச் செய்கிறார். லயத்திலோ, பல இடங்களில் நிலமும் சுவரும் தோட்ட நிர்வாகத்தின் வசமாகவும், மாதாந்த மின்கட்டணம் தொழிலாளியின் தலையிலுமாக இருப்பதால், மண்ணில் ஒரு கம்பியை இறக்கும் கடமை இருவருக்கும் இடையே அநாதையாக நிற்கிறது.

அதன் விளைவு கொடியது. வரிசை வீடுகள் ஒரே தகரக் கூரையின் கீழ் இருக்கையில், ஒரு வீட்டில் உரிந்த கம்பி தகரத்தைத் தொட்டால், அடுத்த வீட்டில் ஈரத்துணி காயப்போடும் பெண்ணுக்கும் அது பிராணாபாயமாகும். முற்காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயை எர்த்தாக உபயோகித்த இடங்களில், பிற்காலத்தில் பிளாஸ்டிக் குழாய் மாற்றப்பட்டதும் அந்தப் பாதுகாப்பு சத்தமின்றி மறைந்துவிடுகிறது.

புவித்தொடுப்புக்காக மண்ணில் இறக்கிய உலோகக் கோலின் தடை 100 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் பாயக்கூடியது 2.3 அம்பியரே, எந்தப் பியூஸும் அதற்கு எரியாது. ஆனால் ‘ட்ரிப் சுவிட்ச்’ என்று நாம் வழங்கும் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான், 30 மில்லி அம்பியர் கசிந்த மாத்திரத்திலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கோல் இல்லாத வீட்டில் அந்தச் சுவிட்ச், ஒருவருடைய தேகத்தின் வழியே மின்சாரம் கசிந்த பிறகே விழும். கோல் உள்ள வீட்டிலோ, பழுது தோன்றிய உடனேயே, எவரும் தொடுமுன் விழுந்துவிடும். ஆதலால் இரண்டும் வேண்டும். அந்தச் சுவிட்சிலுள்ள பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நலம். எனினும் அப்பொத்தான் சுவிட்சின் இயக்கத்தை மட்டுமே சோதிக்கும், மண்ணிலுள்ள கோலின் நிலையைச் சொல்லாது. அடிக்கடி விழுகிறதென்று சுவிட்சைச் சுற்றிக் கம்பி போட்டு இணைப்பவர், அபாயத்தை அறிவிக்கும் ஒரே காவலனை வெளியேற்றிவிடுகிறார்.

கோலின் தடையை அளப்பதற்கும் உரிய காலம் ஒன்று உண்டு. திம்புள்ளத் தேயிலை மணமும் சுவையும் உச்சமடையும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட பருவத்திலேதான் மண்ணின் ஈரம் வற்றிக் கோலின் தடை ஏறுகிறது. தென்மேற்குப் பருவமழையின்போது அளந்து திருப்தி கொள்வது ஏமாற்றத்தில் முடியும். பாறை மறித்துக் கோல் ஆழமாக இறங்காத இடத்தில், கோலின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டுப் பல கோல்களை இறக்கி இணைக்கலாம். அல்லது செப்புக் கம்பியை மண்ணில் கிடையாக நீளப் புதைக்கலாம்.

உரிமையும் பரிகாரமும்

தொழிற்சாலையைப் பொறுத்தமட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பாதுகாப்பின் கடமையை அதை நடத்துபவர்மேல் சுமத்துகிறது. மரணம் விளைவித்த விபத்தையும், மூன்று நாட்களுக்கு மேல் ஒருவரை முழுச் சம்பளம் பெற முடியாதவராக்கிய விபத்தையும் தொழில் திணைக்களத்தின் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையினின்றும் வேலையின்போதும் எழுந்த விபத்துக்கு நட்டஈடு கோரும் வழியைத் திறக்கிறது. ஆகவே, விபத்து நடந்த தினம், நேரம், இயந்திரம், சாட்சிகள் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து, வைத்தியசாலைப் பத்திரங்களைப் பத்திரப்படுத்தி, தொழிற்சங்கத்தையோ சட்டத்தரணியையோ கலந்தாலோசியாமல் சிறு தொகைக்காக எந்தக் காகிதத்திலும் கையொப்பமிடாதிருத்தல் உசிதம்.

லயத்து வீட்டில், ஓய்வு நேரத்தில் நேரும் விபத்துக்கு இந்த நட்டஈட்டுச் சட்டம் பொதுவாக எட்டாது. எனவே அங்கே முன்னெச்சரிக்கையே பிரதான பரிகாரம். லயத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடி, தோட்டத் தலைவர் மூலமாக, தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்னியலாளரைக் கொண்டு ஒவ்வொரு வீட்டின் புவித்தொடுப்பையும் அளக்குமாறு நிர்வாகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, அதன் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். மின்வழங்கல் பற்றிய முறைப்பாட்டுக்கு மின்சார அலுவலகத்தில் தீர்வு கிடைக்காவிடில், இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை நாடலாம்.

இத்தனைக்குப் பின்னும் விபத்து நேர்ந்துவிட்டால், மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடலாகாது. மெயின் சுவிட்சை அணைத்து, அது இயலாவிடில் உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்கி, 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து, மூச்சு நின்றிருந்தால் நெஞ்சின் நடுவே விடாமல் அழுத்த வேண்டும்.

சுவரும் கூரையும் யாருடையவையோ, அவரே மண்ணுக்குச் செல்லும் கம்பிக்கும் பொறுப்பாளியாக இருப்பதுதான் நியாயம். அடுத்த முறை நிர்வாகத்துடன் சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேச அமரும் பிரதிநிதிகள், எத்தனை வீடுகளில் கோல் இறக்கப்பட்டிருக்கிறது, அது கடைசியாக அளக்கப்பட்டது எந்த மாதத்தில் என்ற இரண்டு கேள்விகளையும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்களாக.