வானம் மூடியதா, வலை அறுந்ததா?

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு மொட்டைமாடியில் பத்து மீட்டர் செப்புக் கம்பியைக் கட்டி, உரிமம் பெற்ற ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) ஒருவர் ஐந்து வாட்டில் சிற்றலை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனமண்டலத்தில் பட்டு வளைந்து ஜப்பானிலோ இத்தாலியிலோ இறங்கலாம். இறங்கியதா என்று அறிய அங்கிருந்து யாரும் பதில் பேச வேண்டியதில்லை. ஆளில்லாமலே கேட்டுக்கொண்டிருக்கும் கணினிகள், யாருடைய அழைப்புக்குறி எவ்வளவு வலுவாகக் கேட்டது என்று பிஎஸ்கே ரிப்போர்ட்டர் தளத்துக்கு எழுதிவிடுகின்றன. சில நிமிடங்களில் வரைபடத்தில் புள்ளிகள் முளைக்கும்.

முளைக்காவிட்டால்தான் சிக்கல். குற்றவாளி வானமா, இணையமா?

நம் கணினியும் இப்படிக் கேட்டதை எழுதுகிறது என்றால், முதலில் அதைப் பார்க்கலாம். நம் திரையில் பிறருடைய அழைப்புகள் ஓடுகின்றன, ஆனால் நாம் கேட்டதாக வரைபடத்தில் எதுவும் ஏறவில்லை என்றால், வானத்தின் மேல் பழியில்லை. இந்தப் பதிவுகள் யுடிபி முறையில், 4739 என்ற போர்ட்டுக்குப் போகின்றன. தெருமுனைத் தபால்பெட்டியில் போட்ட அஞ்சலட்டை மாதிரி. சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தகவல் வராது. வழியில் ஃபயர்வால் விழுங்கினாலும் மென்பொருள் முணுமுணுக்காது. பிரவுசரில் வரைபடம் பளிச்சென்று திறப்பதால் இணையம் சரி என்று நம்பிவிடுவோம். பிரவுசர் போகும் கதவு வேறு.

தொலைதூர நிலையம் கேட்டால் ஹாம்கள் ஒருவருக்கொருவர் அறிவிக்கும் டிஎக்ஸ் கிளஸ்டர் இதைவிட நேர்மையானது. 1980களில் ஹாம்கள் இந்தத் தகவலை ரேடியோ வழியாகவே பரிமாறிக்கொண்டார்கள். இப்போது பெரும்பாலும் டெல்நெட். பல கிளஸ்டர்களில் அழைப்புக்குறியைத் தட்டினாலே உள்ளே விடுவார்கள். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று உடனே பதில் வந்தால், பெரும்பாலும் அந்தக் கணினி உயிரோடிருக்கிறது, கிளஸ்டர் மென்பொருள்தான் ஓடவில்லை. வேறொரு கிளஸ்டரைத் தேடலாம். பதிலே இல்லாமல் நேரம் கடந்தால், நடுவில் யாரோ 7300 போன்ற போர்ட்டை அடைத்திருக்கக்கூடும். தொழிற்சாலை, விடுதி வலைப்பின்னல்களில் இது சகஜம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடிகாரத்தையும் சந்தேகிக்க வேண்டும். நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் வெளியிட்ட எஃப்டி8 முறையில், எல்லோரும் 15 விநாடிக் கட்டங்களில் முறைவைத்து அனுப்புகிறார்கள். கணினி நேரம் சில விநாடி பிசகினால் காதுக்குக் கேட்கும் ஒலியையும் மென்பொருளால் படிக்க முடியாது. நேரத்தைத் திருத்தும் சேவையும் யுடிபியில், 123ஆம் போர்ட்டில் வருவது. ஆக, ஒரே பூட்டு இரண்டையும் நிறுத்திவிடலாம்.

இந்தப் பகுதிக்கென்றே ஒரு வினோதமும் உண்டு. ஹாம்கள் உலகைக் கட்டங்களாகப் பிரித்து எழுத்தும் எண்ணும் இட்டிருக்கிறார்கள். 80 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் முதல் எழுத்து மாறும். அந்தக் கோடு சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே போகிறது. சென்னை என்கே03, ஸ்ரீபெரும்புதூர் எம்கே92. சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வீடு மாறியவர் மென்பொருளில் பழைய கட்டத்தையே விட்டுவைத்தால் வரைபடம் அவரைச் சென்னையிலேயே தேடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் திரை வெறுமையாகவே கிடந்தால், பக்கத்து ஆலையின் மோட்டார் கட்டுப்பாட்டுக் கருவிகள் எழுப்பும் மின் இரைச்சல் காரணமாகலாம். அல்லது நிஜமாகவே வானம்தான். காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், சூரியன் மறைந்தபின் சில நாட்களில் இங்கே அயனமண்டலம் கொந்தளிக்கும். அப்போது ரௌட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை. சென்னையிலுள்ள மற்ற நிலையங்களின் புள்ளிகளும் மறைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.