சாம்பலுக்கும் லாட் நம்பர் உண்டு!

திருப்பூரில் நான் ஒரு சின்ன பனியன் கம்பெனிக்காரன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நேவி புளூ ஆர்டர். ஒரே சாயப்பட்டறை, ஒரே ஷேடு. தைத்து, அயர்ன் பண்ணி அடுக்கி வைத்தால், செக்கிங்குக்கு வந்தவர் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார். உடம்பு ஒரு லாட், கை வேறொரு லாட்! மொத்த பீஸும் காதர்பேட்டைக்குக் கிலோ ரேட்டில் போனது. சாயப்பட்டறை மாஸ்டர் சாவகாசமாகச் சொன்னார்: "பட்டறை ஒண்ணுதானுங்க தம்பி. ஆனா சாயம் ஏத்துன நாள் வேறல்லங்க?"

இந்தப் புலம்பல் இப்போது எதற்கு? விஞ்ஞானிகளும் இதே லாட் தகராறில் வருஷக்கணக்காக மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சமீபத்தில்தான் படித்தேன்.

சுமார் 75 ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்தது. வெடித்த இடத்தில் இன்று 100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி. சாம்பல் கடல் தாண்டி வந்து நம் நாட்டிலும் கொட்டியது. ஆந்திராவில் பனகானபள்ளி பக்கம் ஜ்வாலாபுரத்தில், மழைத்தண்ணீர் அடித்துச் சேர்த்ததில், ஆள் உயரத்துக்கு மேல் படிந்திருக்கிறது. அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் கல்லாயுதம், மேலேயும் கல்லாயுதம்! தார்வாட் ரவி கோரிசெட்டரும் மைக்கேல் பெட்ராக்லியாவும் குழுவாக 2007-ல் இதை எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அத்தனை பெரிய வெடிப்புக்குப் பிறகும் இங்கே மனுஷன் இருந்திருக்கிறான்.

தகராறு புனே மாவட்டத்தில். போரி, மோர்காவ் என்ற ஊர்களிலும் சாம்பல், கூடவே கைக்கோடரிகள். சாம்பலின் ரசாயனம் டோபா சாயலில் இருக்கவே, 'அதே 75 ஆயிரம்தான்' என்றது ஒரு கட்சி. 'இல்லை, பல லட்சம்' என்றது இன்னொரு கட்சி. டோபாவோ பல தடவை வெடித்த ஆசாமி. பட்டறை தெரிந்தால் போதுமா, லாட் தெரிய வேண்டாமா?

இங்கேதான் ஐசோடோப்பு வருகிறது. ஒரே தனிமத்தில் எடை மட்டும் வேறான அண்ணன் தம்பிகள். பொட்டாசியம்-40 மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஆர்கான்-40 ஆக மாறும். பாதி கரையவே 125 கோடி வருஷம். பாறைக் குழம்பு கொதிக்கும்போது பழைய ஆர்கான் பறந்துவிடும். வெடித்து ஆறியதிலிருந்து புதுக்கணக்கு. அணு உலையில் வைத்தெடுத்த படிகத்தை லேசரால் சூடாக்கி, வெளிவரும் வாயுவை அளந்தால் வயசு தெரிந்துவிடும்.

2014-ல் டேரன் மார்க் குழுவினர் அளந்தார்கள். போரி, மோர்காவ் சாம்பல் 7, 8 லட்சம் வருஷத்துப் பழசு! அந்தக் கைக்கோடரிக்காரர்களின் வயசும் ஒரே நாளில் பத்து மடங்கு ஏறிப்போயிற்று.

மாஸ்டரிடம் சொன்னேன். கையிலிருந்த டீ ஆறும்வரை யோசித்தார்.

"லட்சக்கணக்கா வருஷம் வித்தியாசம் இருந்தும் அவங்களுக்கே இத்தனை நாள் ஆயிருக்குது. நம்ம லாட்டு நாலு நாள்தானுங்களே... அந்தச் செக்கிங் ஆளு எப்படிங்க தம்பி பொசுக்குனு கண்டுபிடிச்சான்?"